மீன் கத்திக்கு மாற்றுப் பிடி: கருவேலமா, ஹைலமா?

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியின் இரும்பு பல ஆண்டுகள் உழைக்கும். அதன் பிடிதான் காசிமேட்டு உப்புத் தண்ணீருக்கு முதலில் விட்டுக்கொடுக்கும். எங்கள் வெட்டுக்கத்திக்குப் புதுப் பிடி போட வேண்டி வந்தபோது, வழக்கமான கருவேல மரத்தையும், மின்சாரப் பலகைகளில் காப்பாக வைக்கும் ஹைலம் தகட்டையும் சீர்தூக்கிப் பார்த்து, ஹைலத்தையே போட்டேன்.

விலையை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. ஒரு பிடிக்கு இரண்டுமே சிறு துண்டுதான். மரம் இழைப்பதற்கு எளிது, கைக்கும் இதமானது.

தீர்மானிப்பது பராமரிப்பு. மரம் ஈரம் குடித்தால் குறுக்குவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இருபுறமும் ஒட்டிய துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் இரும்போ ஈரத்துக்கு அசையாது. நாள்தோறும் நனைந்து காயும் பிடியில் இந்த இழுபறியால் பசை விட்டு, மயிரிழை இடைவெளி விழுகிறது. அதில் மீன்நீர் புகுந்து துருப்பிடிக்க, அந்தத் துரு தான் அரித்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, ஆணித்துளையிலிருந்து மரத்தைப் பிளக்கிறது. எங்கள் பழைய பிடியைக் கழற்றியபோது உட்புறம் மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. கருவேலத்தின் துவர்ப்பு ஈர இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். பிளவுக்குள் செதில்கள் ஒட்டிக்கிடந்ததைப் பார்த்த பிறகு, மீன் அறுக்கும் கத்திக்கு மரத்தைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. தேங்காய் எண்ணெய் பூசுவோர் பலர் உண்டு. அது காய்ந்து இறுகும் எண்ணெய் அன்று. ஆளிவிதை எண்ணெய் இறுகும், ஆனால் அதையும் அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும்.

ஹைலம் என்பது காகிதத்தையோ துணியையோ பீனாலிக் பிசினில் தோய்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய அடுக்குத் தகடு. பிடிக்குத் துணி அடுக்கே நல்லது. அது தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் பசைக்கு இழுபறி இல்லை. பொருத்தும்போது இரும்பையும் தகட்டின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அரால்டைட் பசை தடவி, பித்தளைக் கம்பியை ஆணியாக அடித்து, கிளாம்பை மிதமாக இறுக்க வேண்டும். அளவு மீறி முறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிடும். மேற்பரப்பை 220 எண் தாளோடு நிறுத்துவது நல்லது. பளபளப்பாக்கினால் ஈரக்கையில் வழுக்கும். தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், ஆகையால் முகக்கவசம் கட்டாயம். கருவேலத்தைவிட ஹைலம் கனம் கூடியது என்பதால் கத்தியின் எடை பிடிப்பக்கம் சற்று இறங்கும்; பருமனான மீன் வெட்டுவோருக்கு அது உடனே தெரியும்.

எங்கள் பிடி ஒரு வடகிழக்குப் பருவமழையைத்தான் கண்டிருக்கிறது. விரலால் தடவினால் இரும்பின் விளிம்பு இன்னும் தட்டுப்படவில்லை என்றாலும், பத்தாண்டு தாங்கும் என்று இப்போதே உறுதி சொல்ல மாட்டேன். வேலைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். அப்போது கத்திக்கும் ஓய்வு கிடைப்பதால் பசை நிதானமாக இறுகும்.

இவை எல்லாம் பிடியின் முழு அகலத்துக்கும் இரும்பு ஓடும் கத்திகளுக்கே பொருந்தும். கூரான வாலை உள்ளே செருகும் சிறு கத்திகளுக்கு, பழுக்கக் காய்ச்சிய வாலால் துளையைச் சுட்டு இறக்கும் மரப்பிடியே இன்றும் ஏற்றது.