வெல்வெட் அசாசின்: கத்திரி வெயிலில் ஒளிந்து ஆடுவது

வெல்வெட் அசாசின் 2009-இல் வந்த கேம் என்பதால் கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பே போதும் என்று நினைத்து இறங்குவோர் உண்டு. ஓடும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஆடினால் அரை மணியில் சூடேறி, பிரேம் ரேட் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) விழத் தொடங்கும். ஒளிந்து ஆடும் கேமில் அது நேரடி நஷ்டம்: காவலன் திரும்பும் அந்த ஒரு நொடியில் திரை திக்கினால் கதை முடிந்தது. பின்பக்கத்தை இரண்டு விரல்கடை உயர்த்தி வையுங்கள், பிரேம் ரேட்டை 60-க்குள் கட்டுங்கள்.

நாயகி வயலெட் சம்மர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக வேலை செய்யும் உளவாளி. முன்மாதிரி வயலெட் ஸாபோ. 1921-இல் பாரிசில் பிறந்து, பிரிட்டனின் ரகசியப் போர்ப்பணி அமைப்பான எஸ்ஓஇ-யின் ஆளாகப் பிரான்சுக்குள் போய், 1945-இல் ராவன்ஸ்ப்ரூக் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டவர். கேமில் வரும் பணிகள் கற்பனை. ஆனால் பிடிபட்ட சக உளவாளிக்கு சயனைடு கொண்டுபோய்ச் சேர்க்கும் வார்சா பகுதியில் யாருக்கும் கை கொஞ்சம் தயங்கும்.

ஆட்டம் முழுக்க நிழலைப் பற்றியது. இருட்டில் சரியாக ஒளிந்திருந்தால் உருவத்தைச் சுற்றி ஊதா விளிம்பு தெரியும். அது மறைந்தால் உடனே பின்வாங்குங்கள். பகலில் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் இந்த விளிம்பே கண்ணுக்குத் தெரியாது. பிரைட்னஸை ஏற்றினால் நிழலும் வெளுத்துப்போய், எது இருட்டு என்ற கணக்கு தவறிவிடும். திரைச்சீலை போடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி ஆடுங்கள். ஹெட்போன் கட்டாயம். டேபிள் ஃபேன் சத்தத்தில் காலடி ஓசை காதில் விழாது.

விசிலடித்து ஆளைத் தனியே இழுப்பதுதான் அடிப்படை. இருவர் நின்றால் ஒருவன் மட்டும் வரும் இடத்தைத் தேடுங்கள். இடுப்பில் கையெறி குண்டு தொங்கும் சிப்பாயின் பின்னால் போய் குண்டின் பின்னை (pin) உருவிவிடலாம், பக்கத்தில் நிற்பவனும் சேர்ந்து போவான். ஆனால் வெடிச்சத்தம் மற்றவர்களை வரவழைக்கும் என்பதால் ஒதுங்க ஒரு இருட்டு மூலையை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். எதிரிச் சீருடை போட்டிருந்தாலும் ரொம்ப நெருங்கினால் சந்தேகம் வந்துவிடும். உடலை வெளிச்சத்தில் விட்டுப்போவதுதான் புதிதாக ஆடுபவர்கள் செய்யும் முதல் தப்பு.

மார்ஃபின் என்ற வலிநீக்கி ஊசி கேமில் காலத்தை உறையவைக்கும், மாட்டிக்கொண்ட நேரத்தில் ஒருவனை முடிக்கப் பயன்படும். அதை நம்பி திறனைக் கூட்டக் கிடைக்கும் மேம்பாட்டுப் புள்ளிகளை அதில் கொட்டுவது வீண் என்பதே நம் கணிப்பு. முதலில் ஒளிதலுக்குப் போடுங்கள், பதுங்கி நடக்கும் வேகம் கூடும், காத்திருக்கும் நேரம் குறையும்.

பெரிய குறை சேமிப்பு. நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது, கேமே தானாகச் சேமிக்கும் செக்பாயிண்ட் வந்தால்தான் உண்டு. இங்கே கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யுபிஎஸ் வைத்திருந்தாலும் அது கம்ப்யூட்டரை ஒழுங்காக மூடத்தான் நேரம் தரும், இருபது நிமிட உழைப்பைக் காப்பாற்றாது. பேட்டரி நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்பே இதற்கு ஏற்றது. மின்வெட்டு இல்லாமலே செத்தாலும் அதே சிப்பாய்கள் அதே அரட்டையை முதலிலிருந்து பேசுவார்கள். மூன்றாவது தடவை சிரிப்பு வரும், ஏழாவது தடவை வராது.

கடைசிப் பகுதியில் கேம் திடீரென்று துப்பாக்கிச் சண்டைக்குத் தாவுகிறது. அதுவரை கற்ற பொறுமைக்கு அங்கே வேலையே இல்லை, குறி பார்ப்பதும் மந்தம். தோட்டாக்களை முன்னாலேயே மிச்சம் பிடித்து வையுங்கள்.