பழைய எக்ஸ்யுவி 500: எந்த ஆண்டு வண்டியை நம்பலாம்?

மஹிந்திரா எக்ஸ்யுவி 500ஐப் பழையதாக வாங்க எண்ணுவோர், ஓடிய கிலோமீட்டருக்கு முன்பே தயாரிப்பு ஆண்டைப் பார்ப்பது நல்லது. 2011 செப்டம்பரில் அறிமுகமான இவ்வண்டியின் 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் எஞ்சின் உறுதியானதே என்றாலும், தொடக்க ஆண்டு வண்டிகளில் மின்னணுக் கோளாறுகளும் சஸ்பென்ஷன் சத்தமும் பலரை அலைக்கழித்ததால், விலை எவ்வளவு குறைந்தாலும் அவற்றை நான் தவிர்ப்பேன்.

2015 மே மாதத்தில் முகப்பு மாறியது. அதே ஆண்டின் இறுதியில் ஆட்டோமேட்டிக் கியரும் வந்தது. 2018 ஏப்ரலில் எஞ்சின் திறன் 140இலிருந்து 155 குதிரைத்திறனாக உயர்ந்தது. தயாரிப்பு ஓரளவு பக்குவப்பட்டிருந்த இக்காலத்து மேனுவல் கியர் வண்டியே என் தேர்வு.

தில்லியிலிருந்து மலிவாக வரும் வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. 2000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் வண்டிகளின் பதிவை உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் அங்கு நிறுத்தியதால், 2016இல் 1.99 லிட்டர் எஞ்சினுடனும் இவ்வண்டி விற்கப்பட்டது. ஆகவே ஆர்சி புத்தகத்தில் சிசி அளவைச் சரிபார்த்த பின்னரே, விளம்பரத்தில் சொல்லப்படும் எஞ்சினை நம்ப வேண்டும். விலை பேசுவதற்கு முன், இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து, புகையையும் கிளட்சின் கனத்தையும் கவனியுங்கள். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.