பத்து நிமிஷத்துக்குள் அனுப்பு: ஆறு வார வகுப்பு ஒன்றின் விமர்சனம்

நாலு வரி மின்னஞ்சலுக்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்கிற ஆள் நான். ‘அன்புடன்’ என்று முடிப்பேன், ‘நன்றியுடன்’ என்று மாற்றுவேன், அப்புறம் பழையபடி ‘அன்புடன்’. கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் தயாரிக்கிறேன். தப்பே வரக்கூடாத வேலை என்று சொல்லிச் சொல்லியே பதினாலு வருஷத்தை ஓட்டியாயிற்று. வேலையிடத்துப் பெர்ஃபெக்‌ஷனிசத்தை, அதாவது எதிலும் துளிக் குறையும் இருக்கக்கூடாது என்ற பிடிவாதத்தை, வேதாகமத்தோடு சேர்த்துப் பேசும் ஆன்லைன் வகுப்பு ஒன்று இருப்பதாகச் சபைத் தோழி சொன்னாள். பாதி மனசோடுதான் சேர்ந்தேன்.

வாரத்துக்கு ஒரு தரம் ஜூமில் ஒன்றரை மணி நேரம், மொத்தம் எட்டுப் பேர், கூடவே ஒரு பிடிஎஃப் பயிற்சி ஏடு. முதல் வாரம் மனோதத்துவம். ஹூயிட், ஃப்ளெட் என்ற இருவர் 1991-இல் பிரித்த மூன்று வகைகள்: தன்னிடமே குறையில்லாமையைக் கேட்பது, பிறரிடம் கேட்பது, பிறர் தன்னிடம் கேட்பதாக நினைத்து நடுங்குவது. நான் முதல் வகை என்று நம்பிக்கொண்டு போனேன். என் ஜூனியர் போட்ட அட்டவணைகளையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து திரும்பப் போடுவது ஞாபகம் வந்ததும் இரண்டாவதிலும் ஒரு டிக் அடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் வாரத்துக்காகவே சேரலாம். மத்தேயு 5:48, ‘பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்’. இந்த வசனத்தை அச்சடித்து மேஜைக்கு மேல் ஒட்டி வைத்திருந்தவள் நான். அங்கே உள்ள கிரேக்கச் சொல் ‘டெலெயோஸ்’. முதிர்ந்த, தன் நோக்கத்தை எட்டிய என்று பொருள். 1 கொரிந்தியர் 14:20-இல் அதே சொல்லை நம் வேதாகமம் ‘தேறினவர்கள்’ என்கிறது. அதைவிட, மூன்று வசனம் மேலே போய்ப் படிக்கச் சொன்னார்கள். தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியன் உதிக்கிறது, நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்கிறது. பேச்சு முழுக்க சத்துருவை நேசிப்பதைப் பற்றி. எக்செல் கட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை! பிலிப்பியர் 3:12-இல் பவுல், தான் இன்னும் முற்றும் தேறவில்லை என்று எழுதும்போதும் இதே வேர்ச்சொல்தான். அந்தத் தாளை அன்றைக்கே கிழித்துவிடவில்லை. இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் வாரம்தான் எனக்கு ஒப்பவில்லை. எல்லாவற்றையும் பெருமை என்ற ஒரே பாவத்தில் போட்டு அடைத்துவிட்டார் வகுப்பை நடத்திய அண்ணன். ஜெபத்தில் ஒரு வார்த்தை பிசகினால் முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது, அனுப்பிய கோப்பை இருபது தடவை திறந்து பார்க்கிறேன் என்று குழுவில் ஒருவர் சொன்னார். பதில், ‘இன்னும் ஒப்புக்கொடுங்கள்’, அதாவது உங்களை இன்னும் முழுசாகக் கடவுளிடம் விட்டுவிடுங்கள். அவருக்கு முதலில் ஒரு மனநல மருத்துவரைக் கைகாட்டியிருக்க வேண்டும். இத்தனைக்கும் அரைமணி நேரம் முன்பு, பின்னாளில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், மடத்தில் துறவியாக இருந்தபோது மணிக்கணக்காகப் பாவஅறிக்கை செய்து, அதைக் கேட்ட தன் மேலாளர் ஸ்டாவ்பிட்ஸைக் களைக்க வைத்த கதையை அந்த அண்ணனே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஓயாமல் பாவஅறிக்கை செய்தவருக்கு மேலும் ஒப்புக்கொடுக்கச் சொல்வது மருந்தாகாது என்பதுதானே அந்தக் கதை?

‘எண்பது சதவீதம் போதும்’ என்ற கோஷமும் எடுபடவில்லை. சம்பளத்தில் எண்பது சதவீதம் சரி என்றால் ஐந்தில் ஒருவருக்குத் தப்பான தொகை போகும். இதற்கு உருப்படியான பதில் சொன்னது என்னோடு ஜோடி சேர்க்கப்பட்ட நர்ஸ் தங்கச்சிதான். “அக்கா, மருந்து அளவை நானும் ரெண்டு தடவை பாக்குறேன். தொகையைப் பாக்குறது உங்க வேலை. கட்டத்தோட கோடு எவ்வளவு தடிமன்னு பாக்குறது யாருக்காக?”

நாலாம் வாரப் பயிற்சி: சாதாரண மின்னஞ்சலைப் பத்து நிமிஷத்துக்குள் அனுப்ப வேண்டும், இரண்டு தடவைக்கு மேல் படிக்கக்கூடாது, அனுப்பியதும் ஜோடிக்குச் சொல்ல வேண்டும். முதல் நாளே கோப்பை இணைக்காமல் அனுப்பிவிட்டேன். மேலாளரிடமிருந்து பதில்: ‘ஃபைல் எங்கே?’ அவ்வளவுதான். கோப்பை அனுப்பினேன், ‘ஓகே’ என்றார். எனக்குத்தான் சாயங்காலம் வரை காது சூடாக இருந்தது.

ஐந்தாம் வாரம் லேவியராகமம் 19. அறுவடையில் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும். வேலையில் உன் ஓரம் எது என்று கேட்டார்கள். மாத அறிக்கையின் வரைபடப் பக்கத்தை ஜூனியரிடம் விட்டேன். பச்சை கொஞ்சம் கண்ணைக் குத்தியது, எழுத்தும் ஒரு அளவு பெரிசு. மவுஸைப் பிடித்த கை இரண்டு தடவை அங்கே போனது. தொடாமல் அனுப்பினேன். அடுத்த மாதம் அவனே நிறத்தை மாற்றியிருந்தான்.

ஆறாம் வாரம் சாட்சிகளும் நன்றியும். அவசரம் இருந்தால் விட்டுவிடலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பயம் நோயின் அளவுக்குப் போயிருந்தால் மருத்துவரிடம் போங்கள், இந்த வகுப்பு அதற்குப் பிறகு இருக்கட்டும்.

பயிற்சி ஏட்டில் பதினோரு எழுத்துப்பிழைகள். வேண்டுமென்றே வைத்த சோதனையோ என்று கேட்டேன், இல்லையாம். பின்னூட்டப் படிவத்தில் பக்க எண்ணோடு பதினொன்றையும் எழுதி அனுப்பினேன். பத்து நிமிஷத்துக்குள்.