கீழாநெல்லியா, சிலிமரினா?

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிவிடுவார்கள். மருந்துக் கடையில் கேட்டால் சிலிமரின் மாத்திரை கிடைக்கும். இரண்டுமே கல்லீரலைக் காக்கும் என்கிறார்கள். எதிலிருந்து காக்கும் என்று கேட்கும்போதுதான் இரண்டின் வழியும் பிரிகிறது.

கீழாநெல்லிக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது சென்னை ஆய்வு. எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பாரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து, 1988இல் 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டார்கள். 200 மில்லிகிராம் பொடி, மூன்று வேளை, 30 நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. ஆனால் பிற இடங்களில் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

கீழாநெல்லி என்று வேறு செடியைப் பயன்படுத்தியதும் இதற்குக் காரணம் என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கிளையைத் திருப்பிப் பாருங்கள்: இலைகளுக்கு அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருந்தால் அது வேறு இனம். கட்டாகப் பறித்து வரும்போது யார் இதைப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

சிலிமரின் ஐரோப்பிய முட்செடியான மில்க் திஸிலின் விதைச் சத்து. கல்லீரலை அழிக்கும் 'டெத் கேப்' காளானைத் தின்றவர்களுக்கு, இதிலுள்ள சிலிபினினை ஐரோப்பிய மருத்துவமனைகளில் ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் புகுவதை அது தடுக்கிறது. அந்தப் பெருமை மாத்திரைக்குச் சேராது. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம் நடந்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிலிமரின் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

என் கணக்கில், காளான் நஞ்சு என்ற ஒரே இடத்தில் சிலிபினின் முந்துகிறது. வைரஸ் காமாலைக்கு இரண்டையுமே நம்பியிருக்க முடியாது. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அந்தப் பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகிறது.

சீந்தில் என்ற மூலிகைக் கொடியையும் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

காமாலையோடு மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் பித்தக் குழாய் அடைத்திருக்கலாம். அங்கே கல் இருந்தால் எந்தச் சாறும் அதை எடுக்காது. அன்றே ஸ்கேன் எடுக்கப் போய்விடுங்கள்.