சாட்சி கேட்டு நெருக்காத வெள்ளிக்கிழமை ஜெபம்

தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேட்டுக்குப் போகிற வழியில், ஒரு சந்துக்குள், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட கூடத்தில் வெள்ளிதோறும் உபவாச ஜெபம், அதாவது சாப்பிடாமல் இருந்து செய்கிற ஜெபம், நடக்கிறது. பேரைப் போடாமல்தான் எழுதுகிறேன். "கூட்டம் வந்தா உக்கார வைக்க எடமில்லம்மா" என்று பாஸ்டரம்மா சொல்லிவிட்டார்கள். வாசலில் பேனர் கிடையாது, பாஸ்டர் படம் போட்ட சுவரொட்டியும் கிடையாது.

காலை பத்தரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இது தோதான நேரம். விடியுமுன்னே ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று முடிக்க ஒன்பதரை ஆகிவிடும். வீட்டுக்குப் போய்க் குளிக்க நேரம் இல்லாத நாளில், இந்த வாடையோடு உள்ளே வரலாமா என்று வாசலிலேயே கேட்டேன். "மீன் பிடிச்ச பேதுருவுக்கும் இதே வாடைதாம்மா, வா" என்றார் பாஸ்டர். அன்றைக்கே பாதி மனசு அங்கே உட்கார்ந்துவிட்டது.

இதற்கு முன் போன பெரிய கூட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மாதம் உனக்கு அற்புதம் என்று ஒரு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அடுத்த மாதம் வேறு அட்டை. போன மாதத்து அட்டை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஜெபத்துக்குக் கிடைத்த பதிலை எல்லோர் முன்னாலும் சொல்கிற சாட்சி நேரம் வந்தால் மைக் சுற்றி வரும். வீடு கிடைத்தவர், வேலை கிடைத்தவர், வியாதி தீர்ந்தவர் பேசுவார்கள். ஒன்றும் கிடைக்காதவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருப்பாள். பக்கத்தில் இருக்கிற சிஸ்டர், "விசுவாசம் பத்தலம்மா" என்று காதில் ஓதுவாள். வந்த துக்கத்தோடு அதையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும்.

இங்கே அட்டைக்குப் பதில் ஒரு நோட்டு இருக்கிறது. கடைகளில் கணக்கு எழுதுகிற நீள நோட்டுதான். ஜெப விண்ணப்பத்தை ஒரு சிஸ்டர் அதில் எழுதிக்கொள்கிறார். ஒவ்வொரு வெள்ளியும் முதல் பக்கத்திலிருந்து வாசித்து, பேர் சொல்லி ஜெபிக்கிறார்கள். பழசாகிவிட்டது என்று எதையும் விடுவதில்லை. "முடிஞ்சுது, அடிச்சிடுங்க" என்று எழுதச் சொன்னவரே சொன்னால்தான் கோடு விழும். ஒரு தாய், சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனுக்காக எழுதியது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தாள் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை ஏறிப் பழுப்பாகிவிட்டது. அந்த அம்மா இன்னும் வருகிறார். என்ன ஆச்சு என்று ஒருவரும் அவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் பேருக்கு நேராக "வாரிசுச் சான்று" என்று எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு, அந்தச் சான்றுக்காக ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறேன். ஒரு காகிதம் குறைகிறது என்பார்கள், கொண்டு போனால் வேறொன்று குறையும். சபையில் இதைச் சொல்லவே முதலில் கூச்சமாக இருந்தது. வியாதிக்கும் கல்யாணத்துக்கும்தானே ஜெபம், காகிதத்துக்குமா என்று நினைத்தேன். எழுதுகிற சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

அதற்கடுத்து லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் பிரசங்கம். தேவனுக்குப் பயப்படாத, மனுஷரை மதிக்காத ஒரு நியாயாதிபதி. அவனிடம் நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போகிற விதவை. இவள் அடிக்கடி வந்து அலட்டுகிறாளே என்றுதான் கடைசியில் அவன் நியாயம் செய்கிறான். இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்கிறேன். விதவையான பிறகு கேட்டது அதுதான் முதல் தடவை. கடவுளை அந்த அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்கிற கதையாகவே இவ்வளவு நாளும் என் மனசில் கிடந்தது போலும். பாஸ்டர் அதைத் திருப்பிப் போட்டார். கடவுள் அவனைப் போன்றவர் இல்லை, அவனே இறங்கி வந்தான் என்றால் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்காமல் இருப்பாரா, அதனால் சோர்ந்துபோகாதே என்பதற்குத்தான் இயேசு இதைச் சொன்னார் என்றார்.

கூட்டம் முடிந்து நான் நேராகவே கேட்டேன்: "அப்போ ஏன் பாஸ்டர் இவ்ளோ லேட்டு?" "எனக்கும் தெரியாதும்மா" என்றார். பைபிளில் பவுல் அப்போஸ்தலன் தன்னை வதைத்த ஒரு வேதனையை முள் என்று சொல்லி, அதை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டதையும், "என் கிருபை உனக்குப்போதும்" என்று மட்டும் பதில் வந்ததையும் சொன்னார். முள் போனது என்று எங்கேயும் எழுதவில்லை என்று அவரே சேர்த்துக்கொண்டார். தெரியாது என்று சொல்கிற பாஸ்டரை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

இந்த இடத்தை எடைபோட வேண்டுமானால் மீன்பிடித் தடைக்காலத்தில் போக வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகெல்லாம் கரையில். மீனவக் குடும்பத்துக்கு அரசாங்க நிவாரணம் 8,000 ரூபாய். வாடகைக்கும் பள்ளிக்கூட ஃபீசுக்கும் அதை எப்படிப் பிரித்தாலும் காணாது. தடையில்லாத சின்ன ஃபைபர் படகு கொண்டு வருகிற மீன் கொஞ்சம், விலை எட்டாது, எனக்குக் கருவாடுதான் கைகொடுக்கும். அந்த வெயிலில், அந்தத் தகரத்துக்கு அடியில், வட்டிக்கு வாங்கியவர்களும் நகையை வைத்தவர்களுமாக உட்கார்ந்து கைதட்டிக் கீர்த்தனை பாடுகிறார்கள். பைபிளில் ஆபகூக் புத்தகத்தின் கடைசி வரிகளை வாசிக்கிறார்கள்: அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிற இடம். போன தடைக்காலத்தில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "வலையில மீனு இல்லன்னாலும்" என்று எடுத்துக் கொடுத்தார். கூடமே சிரித்தது. சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாருடைய கடனும் அன்றைக்கு அடையவில்லை. கீழே இறங்கும்போது அடுத்த வாரம் யார் யார் வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும் என்று பெண்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டோம்.

சுவரில் ரோமர் 12:12 எழுதியிருக்கிறது: "நம்பிக்கையிலே சந்தோஷமாயிருங்கள், உபத்திரவத்திலே பொறுமையாயிருங்கள், ஜெபத்திலே உறுதியாய்த் தரித்திருங்கள்." பெயிண்டர் 'பொறுமை'யில் றகரத்துக்கு ரகரம் போட்டிருக்கிறார். திருத்த ஆள் இல்லை.

குறைகளும் உண்டு. அந்தச் சின்னக் கூடத்துக்கு அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் தேவையே இல்லை. ஒரு பிரதர் ஜெபிக்க எழுந்தால் கடவுளுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்துகிறார், மைக்கையும் விடமாட்டார். மின்விசிறி இரண்டுதான், இரண்டும் ஆண்கள் பக்கம். சுகர் உள்ளவர்கள் பயப்பட வேண்டாம், பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி பாஸ்டரம்மாவே அனுப்புகிறார்கள். முடிந்ததும் எலுமிச்சை சாதமும் ஊறுகாயும் தருகிறார்கள். காணிக்கைப் பை வரும், போடாவிட்டாலும் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

உடனே பதில் வேண்டும் என்று அலைகிறவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. கேட்டதையே கேட்டுக் கேட்டு, எங்கே போனாலும் வெட்கப்பட்டுப்போனவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள். என் வரியில் இன்னும் கோடு விழவில்லை. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரிகள் சுவரைப் பிடித்து ஏற வேண்டியிருக்கிறது. ஒரு இரும்புக் கைப்பிடி வைத்தால் ஐந்தாவதையும் போட்டுவிடுவேன்.