பெட்டியில் 'கியர் டிரைவ்', உள்ளே ஃப்ரீ ஸ்பின்: அம்பாசடர் வைத்திருப்பவர்கள் பாலிஷர் வாங்குமுன் படிக்கவும்

ஆர்டர் போட்டது கியர் டிரைவ் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர். காரின் பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெஷின் இது; பிளேட் ஆடிக்கொண்டே சுழலும். 8 மி.மீ. த்ரோ (பிளேட் ஆடும் தூரம்), 125 மி.மீ. பிளேட். வந்து இறங்கிய பெட்டியிலும் அதேதான் அச்சடித்திருக்கிறது. பிளக் போடாமல் பிளேட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் பம்பரம் மாதிரி நாலைந்து சுற்று சுற்றி நிற்கிறது. அதிலேயே குட்டு உடைந்துவிட்டது: உள்ளே இருப்பது கியர் இல்லாத ஃப்ரீ ஸ்பின். கியர் உள்ள மெஷினில் பிளேட் அப்படிச் சுற்றாது. கையால் திருப்பினால் பல்சக்கரம் பிடித்து இழுப்பது விரலுக்குத் தெரியும், மோட்டாரையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும். விற்றவரிடம் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் சார், வேலை ஒரே மாதிரிதான் வரும்" என்கிறார். ஒன்று இல்லை. தட்டையான கதவில் மட்டும் ஓட்டுகிறவருக்கு வேண்டுமானால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். அம்பாசடர் மட்கார்டில் மெஷினை வைத்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஃப்ரீ ஸ்பின் மெஷினில் மோட்டார் பிளேட்டை நேராகச் சுற்றுவதில்லை. மையம் விலகிய ஒரு தண்டைத்தான் சுற்றுகிறது. அந்தத் தண்டின் பேரிங்கில் பிளேட் தொங்கிக்கொண்டு, ஆட்டத்தின் வேகத்தில் தானாகச் சுழல்கிறது. பிளேட்டில் ஒட்டும் பேட் (தேய்க்கும் ஃபோம்) முழுவதும் சமமாகப் படிந்திருக்கும்வரை சுழற்சி இருக்கும். வளைவில் ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் அந்த உராய்வே பிரேக் ஆகிவிடும். சத்தம் மாறாது, கையில் அதிர்வும் மாறாது, பேட் மட்டும் சுற்றாமல் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். பெயிண்டில் உள்ள கீறல் போகாது, காம்பவுண்ட் (தேய்க்கும் பேஸ்ட்) காய்ந்து பொடியாகும். மெஷினுக்குப் பவர் போதவில்லை என்று நினைத்து அழுத்தினால் இன்னும் மோசம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு மார்க்கர் பேனா போதும். பிளேட்டின் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சுற்றும்போது கோடு மங்கலாக ஓடும், நின்றால் பளிச்சென்று தெரியும்.

சோதனையை நேராக வண்டியில் செய்யாதீர்கள். காம்பவுண்ட் பட்ட மெஷினைக் கொண்டுபோனால் "யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது" என்பார்கள். மட்கார்டு வளைவுக்குப் பதிலாக 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் ட்ரம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். கழுவித் துடைத்துப் படுக்க வைத்து, அசையாமல் இரண்டு பக்கமும் செங்கல் கொடுங்கள். புது பேட்டில் வெறும் தண்ணீர் இரண்டு ஸ்ப்ரே. பேடை ட்ரம்மில் வைத்த பிறகுதான் சுவிட்ச்; காற்றில் தூக்கிப் பிடித்து முழு வேகத்தில் ஓட்டினால் பேட் பிய்த்துக்கொண்டு பறக்கும். வேக டயலை 4-ல் வைத்து, மெஷினின் எடை மட்டும் இறங்கும்படி நகர்த்துங்கள். கியர் டிரைவில் கோடு நிற்கவே நிற்காது. அடுத்து மெஷினை ஒரு விரல் கனம் சாய்த்துப் பாருங்கள். ஃப்ரீ ஸ்பின் அங்கே செத்துவிடும். இரண்டையும் வீடியோ எடுத்து வையுங்கள், சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் அதே வீடியோவில் தெரிய வேண்டும்.

அடுத்த ஏமாற்று, த்ரோ. பிளேட்டைக் கழற்றி, தண்டு ஒரு ஓரத்தில் நிற்கும்படி எதிர்எடையை (ஆட்டத்தைச் சமன் செய்யத் தண்டோடு சுற்றும் எடை) கையால் திருப்பி, தண்டின் நடுவுக்கு நேராக ஸ்கேலில் குறித்துக்கொள்ளுங்கள். அரைச் சுற்று திருப்பி மறுபடி குறியுங்கள். இடையில் உள்ள தூரம்தான் த்ரோ. 15 என்று போட்டு 8 இருக்கும் மெஷின்களும் உண்டு, மர வேலைக்கான சாண்டரின் 2, 3 மி.மீ. ஆட்டத்தைக் கொண்டு வந்து 'கார் பாலிஷர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியவையும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: வளைவான வண்டிக்கு 15, 21 மி.மீ. த்ரோ என்று ஆசை காட்டி விற்பதே தப்பு. த்ரோவும் பிளேட்டும் பெரிதாகப் பெரிதாக வளைவில் சீக்கிரம் நிற்கும். 21 மி.மீ. மெஷின், 150 மி.மீ. பிளேட்டோடு, ரூஃபுக்கும் நீளமான கதவுக்கும் பிறந்தது. ஹெட்லைட் வளையத்தைச் சுற்றி அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அம்பாசடருக்கு ஒரே மெஷின்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 8 மி.மீ. அளவில் உண்மையான கியர் டிரைவ் வாங்குங்கள். ஃபிளெக்ஸ் எக்ஸ்சி 3401 அந்த வகை, உண்மையான கியர் மெஷின் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ள ஒருமுறை கையில் பிடித்துப் பார்ப்பது நல்லது. விலை அதிகம். கட்டுப்படியாகாதவர்கள் 75 மி.மீ. பிளேட் உள்ள சின்ன மெஷினை மட்கார்டு, டிக்கி ஓரம், பம்பர் மூலை இவற்றுக்கு வைத்துக்கொண்டு, ரூஃபுக்கும் கதவுக்கும் சாதாரண 125 ஃப்ரீ ஸ்பின்னை ஓட்டலாம். ஏற்கெனவே ஏமாந்து 125 வாங்கிவிட்டவர்கள் பிளேட்டுக்கும் பேடுக்கும் இடையில் 10 மி.மீ. மெத்து ஃபோம் ஒன்று போட்டால் வளைவில் கொஞ்சம் படியும். கீறலை எடுக்கும் வேகம் குறையும், ஆனால் ஓடும்.

125 மெஷினிலேயே 75 பிளேட்டை மாட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் யோசனை சொல்வார். எதிர்எடை 125 பிளேட்டின் கனத்துக்குச் சமன் செய்யப்பட்டது. சின்னதை மாட்டினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும், பேரிங்கும் சீக்கிரம் போகும். மரையையும் பாருங்கள். எம்8 என்ற மில்லிமீட்டர் மரைக்கும் 5/16-24 என்ற இன்ச் மரைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றின் பிளேட் மற்றதில் ஓரிரு சுற்று ஏறிச் சிக்கும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் தண்டின் மரை காலி, அதன்பிறகு வாரண்டி என்று வாயே திறக்க முடியாது.

சில மெஷின்கள் தட்டையான இடத்திலேயே நிற்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் வளையம். பிளேட் காற்றில் தறிகெட்டுச் சுற்றாமலிருக்க லேசாக உரசத்தான் அது. மட்டமான மெஷின்களில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். பிளேட்டைக் கழற்றி 1 மி.மீ. வாஷர் ஒன்று போட்டால் பல நேரம் சரியாகிவிடும். இது மட்டும்தான் குறை என்றால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இத்தனை தொல்லை எதற்கு, ஆட்டம் இல்லாமல் நேராகச் சுற்றும் 180 மி.மீ. ரோட்டரி போதும் என்று டிங்கரிங் பட்டறையில் சொல்வார்கள். ரோட்டரி வளைவில் நிற்காது, உண்மைதான். அதுதான் ஆபத்தும். 2000 ஆர்பிஎம்மில் அந்த பேடின் விளிம்பு வினாடிக்குச் சுமார் 19 மீட்டர் ஓடுகிறது. மட்கார்டு வளைவில் அதன் இரண்டு விரல் அகலம்தான் படும், மொத்தச் சூடும் அங்கேதான் இறங்கும். 75 மி.மீ. பேடில் அதே ஆர்பிஎம்மில் விளிம்பு வேகம் சுமார் 8 மீட்டர். பழைய அம்பாசடர்களில் பல மறுபடி பெயிண்ட் அடித்தவை, அதிலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் என்றால் சூட்டில் இளகும். மேலே நிறமில்லாத கிளியர் கோட் பூச்சு இல்லாததால் பேடிலேயே நிறம் ஏறும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எவ்வளவு ஏறுகிறது என்பதில் கண் வையுங்கள். மட்கார்டில் பெயிண்டுக்கு அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) கனமாக இருந்தால் சூடு தகரத்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். பெயிண்டின் கனத்தை அளக்கும் கேஜ் 500 மைக்ரானுக்கு மேல் காட்டும் இடத்தில் ரோட்டரியைக் கொண்டுபோகவே கூடாது. விளிம்புகளுக்கும் மடிப்புகளுக்கும் எந்த மெஷினாக இருந்தாலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

11,000 ஆர்பிஎம் ஓடும் 4 இன்ச் கிரைண்டரோடு ஒரு ஃபேன் ரெகுலேட்டரும் பேடும் சேர்த்து 'பாலிஷிங் கிட்' என்று விற்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்தால் இழுவை இருக்காது, உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகி காயில் கருகும். கூட்டினால் உங்கள் பெயிண்ட் கருகும்.

திருப்பி அனுப்பும் விஷயத்துக்கு வருவோம். "பெட்டி பிரித்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்று ஆன்லைனில் விற்றவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. புகார் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தளத்தின் குறைதீர் அதிகாரி பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். புகாரில் "மெஷின் சரியில்லை" என்று எழுதினால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பச் சொல்லி இழுத்தடிப்பார்கள். "விளம்பரத்தில் கியர் டிரைவ், வந்தது ஃப்ரீ ஸ்பின், வீடியோ இணைப்பு" என்று ஒரே வரியில் எழுதுங்கள். விற்பனைப் பக்கத்தை வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்க வேண்டும்; புகார் போனபின் 'கியர்' என்ற சொல் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். இங்கே அப்படித்தான் நடந்தது. பிறகு "பணத்தில் கொஞ்சம் தருகிறோம், மெஷினை வைத்துக்கொள்ளுங்கள்" என்று செய்தி வரும். ஒப்புக்கொண்டால் புகார் முடிந்ததாகக் கணக்கு வைத்துவிடுவார்கள். அதற்கு மசியாமல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அதுவரை இறக்குமதியாளர் பெயர் அச்சடித்த அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.