மின்வெட்டின் இழப்பை எந்தக் கோலால் அளப்பது?

அட்டவணை போட்டுக் கட்டம் கட்டமாக மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங் ஆறாம் கட்டத்துக்குப் போனால் தென்னாப்பிரிக்காவுக்கு நாளொன்றுக்கு 89.9 கோடி ராண்ட் வரை இழப்பு என்று 2023இல் அந்நாட்டு ரிசர்வ் வங்கி மதிப்பிட்டது. இப்படிப்பட்ட எண்ணைக் கேட்டதும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலேயே சமோசா செய்து விற்கும் பெண் இந்தக் கணக்கில் இருக்கிறாரா?

இழப்பை அளக்க மிக எளிய முறை வகுத்தல். நாட்டின் ஆண்டு மொத்தப் பொருளாதார உற்பத்தி (ஜிடிபி) ஏறத்தாழ 7 லட்சம் கோடி ராண்ட். மின் பயன்பாடு சுமார் 20,000 கோடி யூனிட். வகுத்தால் யூனிட்டுக்கு 35 ராண்ட். செலவில்லாமல் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் எல்லா யூனிட்டும் ஒன்றாகிவிடுகிறது. 3 கிலோவாட் கீசர் இரண்டு மணி நேரம் நின்றால் தண்ணீர் பிறகு சுட்டுக்கொள்ளும். இழப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கடையின் கார்டு இயந்திரம் இழுக்கும் மின்சாரம் அற்பம். அது நின்றால் அன்றைய வியாபாரமே நின்றுவிடும்.

இரண்டாவது முறை, மின்வெட்டுக்கு அஞ்சி மக்கள் செய்த செலவைப் பார்ப்பது. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மதிப்பீட்டின்படி கூரைச் சூரிய மின்திறன் 2022 மார்ச்சில் 983 மெகாவாட். 2023 ஜூனில் 4,412. கையிலிருந்து போன பணம் பொய் சொல்லாது என்பது இதன் பலம். ஆனால் சூரியத் தகடு வாங்க வழியில்லாதவரின் இழப்பு இங்கே பூஜ்யமாகிவிடும். அது அநியாயம்.

மூன்றாவது முறை, வாடிக்கையாளரையே கேட்பது. என் ஓட்டு இதற்குத்தான். கேட்கும் விதம் சரியாக இருந்தால். “மின்வெட்டைத் தவிர்க்க எவ்வளவு கூடுதலாகக் கட்டுவீர்கள்?” என்றால், ஏற்கெனவே கட்டணத்தில் திணறும் குடும்பம் “ஒரு காசும் மாட்டேன்” என்றுதான் சொல்லும். “பொறுத்துக்கொள்ள எவ்வளவு இழப்பீடு வேண்டும்?” என்றால் பதில் பல மடங்காக எழும்பும். இரண்டையும் விட, என்ன கெட்டது, எந்த வேலை நின்றது, எதைப் பிறகு ஈடுகட்ட முடிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பதே மேல்.

அந்தச் சமோசாக்காரரையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மணி நேர வெட்டில் அவருக்குக் கிடைக்காமல் போனது 3 யூனிட் என்று வைப்போம். கிடைக்காமல் போகும் ஒரு யூனிட்டின் இழப்பு என்று 2019ஆம் ஆண்டின் தேசிய மின் திட்டம் வைத்த 87.85 ராண்டால் பெருக்கினால் 263.55 ராண்ட். அட்டவணை முன்கூட்டியே தெரிந்திருந்தால் காலையிலேயே பொரித்து எடுத்திருப்பார். இழப்பு அதைவிடக் குறைவு. திடீரென்று போய் நீண்ட நேரம் வராவிட்டால் ஃப்ரீசரில் அடுக்கிய சமோசாக்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கல்யாண ஆர்டரும் கைவிட்டுப் போகும். அப்போது 263 ராண்ட் என்பது எந்த மூலைக்கு?

2024 மார்ச் 26க்குப் பிறகு அட்டவணை வெட்டு பல மாதங்கள் நின்றது. கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் நிற்கவில்லை. அவற்றுக்கு அட்டவணை கிடையாது. அட்டவணை வெட்டுக்குப் போட்ட விலையை இவற்றின் தலையிலும் அப்படியே ஏற்றக் கூடாது. முன்னறிவிப்பு இருந்ததா, எத்தனை மணி நேரம் நீடித்தது என்று பிரித்துக் கேட்ட புதிய கணக்கெடுப்பு வேண்டும். அதில் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் வீட்டுத் தொழில்கள் குடியிருப்புப் பட்டியலுக்குள் கரைந்துபோகாமல் தனியாக வரவேண்டும்.